தேயிலை மலைகளின் அழகுக்கு விலை கட்டுவோர் யார்?

தேயிலை விளையும் மலைகளை உல்லாசப் பிரயாணிகளுக்குத் திறந்துவிட வேண்டுமென்ற யோசனை நமது தேசத்தில் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது. மேற்கு வங்காள சர்க்கார் 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட திட்டமொன்றின்படி, ஒரு தேயிலைத் தோட்டத்து நிலத்தில் நூற்றுக்கு 15 பங்கு வரையில், 150 ஏக்கருக்கு மேற்படாமல், விடுதி முதலிய காரியங்களுக்கு உபயோகித்துக்கொள்ள அனுமதி ஏற்பட்டது. 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இவ்வளவு 30 பங்கு வரையில் உயர்த்தப்படுமென்று அந்த ராஜ்யத்து முதன் மந்திரி அறிவித்தார். டார்ஜிலிங் மலைகளில் தொழிலாளர் தரப்பிலிருந்து உடனே ஆக்ஷேபணை கிளம்பிற்று. கேரள ராஜ்யத்திலும் தோட்ட நிலத்தில் நூற்றுக்கு 5 பங்கை வேறு பயிர்களுக்கும் பிரயாணிகள் விடுதிக்கும் உபயோகிக்கச் சட்டத் திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் துரைமார் வசித்த பங்களாக்கள் பல இன்று வாடகை விடுதிகளாக மாறியிருப்பதை அவ்விடம் போய் வந்தவர்கள் அறிவார்கள்.

மலை அழகாயிருக்கிறது, அதைப் பார்க்க ஜனங்கள் பணம் கொடுக்கச் சித்தமாயிருக்கிறார்கள், ஆகவே அதனால் வருமானம் தேடுவதில் தவறென்ன என்று கேட்கிறார்கள். தவறொன்றுமில்லை என்பதே நமது பதில். ஆனால் ஒரு பொருளை விலைக்கு விடுமுன் அப்பொருள் இன்னதென்றும், அது யாருடையதென்றும், அதைச் செய்தவர் யாரென்றும் விசாரிப்பது உலக வழக்கம். தேயிலை மலைகளின் விஷயத்தில் இம்மூன்று கேள்விகளும் இதுவரை சரிவரக் கேட்கப்படவில்லை. இவற்றைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொருளைப் பற்றிக் கூறுவோம். தேயிலைச் சரிவைக் காணும் பிரயாணி அதை இயற்கையின் அழகென்று புகழ்கிறார். உண்மையில் அங்கே அவர் காண்பதில் மலையின் வடிவத்தையும் மேகத்தையும் தவிர இயற்கையானது வெகு சொற்பம். தேயிலை செடியன்று, மரம். தன்னிஷ்டப்படி வளரவிட்டால் வீட்டுக்கூரைக்கு மேல் உயர்ந்துவிடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்தும், வாரந்தோறும் பக்ஷந்தோறும் கொழுந்து கிள்ளியும், அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அந்தச் சமதளம் பெண் மக்களுடைய விரல்களின் வேலை. அதனூடே கோடு கோடாய்த் தெரியும் இடைவெளிகள் அவர்கள் நடந்து நடந்து தேய்ந்த பாதைகள். நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. விறகுக்கென வைத்த கற்பூர மரமும் சீகையும் அவ்விதமே. ஆறு மாதம் கத்தியும் கூடையும் மலையேறாவிட்டால் இந்தக் காட்சி கலைந்துபோகும்; சில வருஷம் ஏறாவிட்டால் முற்றும் மறைந்துபோகும். ஆதலால் தேயிலை மலையின் அழகு தினந்தோறும் உழைப்பினால் புதுப்பிக்கப்படும் ஓர் அழகாகும். கோபுரத்தின் அழகைப்போல ஒருமுறை கட்டி முடித்து நிற்பதன்று.

இவ்வழகு உண்டான சரித்திரமும் நெடுங்காலத்ததன்று. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் ஸல்லிவன் நீலகிரி மேல் ஏறியது 1819-ம் வருஷத்தில். அப்போது அம்மலை தோடரின் மந்துகளும், கோத்தரின் கிராமங்களும், படகரின் ஹட்டிகளும், புல்வெளியும் சோலையுமாக இருந்தது. தேயிலை அங்கே வியாபார முறையில் வேரூன்றியது அந்நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர என்ற இடத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867-ல். 1869-ல் கண்ட இலைநோய் அங்கே காப்பித் தோட்டங்களை அழித்துவிட, காப்பி இருந்த இடத்தில் தேயிலை ஏறிற்று. ஆனைமலையில் கார்வர் மார்ஷ் முதலிய துரைமார் காட்டை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தது 1890-களின் இறுதியில். மூணாறு மலைகளை பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ துரை குத்தகைக்கு எடுத்தது 1877-ல்.

குத்தகை எழுதியவர், வாங்கியவர் பெயர்களெல்லாம் சாசனங்களில் இருக்கின்றன. காட்டை வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் ஜில்லாக்களிலிருந்து, பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஜாதிக் கொடுமைக்கும் தப்பி, கங்காணியின் பின்னால் நடந்து சென்ற ஏழைத் தமிழர்களே அவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியாய் நடந்தவர்களில் வழியிலேயே விழுந்தவர் அநேகர். ஆனைமலையில் மலேரியாவுக்கும் அட்டைக்கும் குளிருக்கும் இரையானவர் கதையை, அங்கே வைத்தியராயிருந்த டாக்டர் பி. எச். டானியல் 1969-ல் ஆங்கில நாவலாக எழுதி வெளியிட்டார். அது 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. வால்பாறைக்குப் போகும் வாலிபர்கள் நாற்பது கொண்டையூசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போவதோடு இந்தப் புஸ்தகத்தையும் படித்துக்கொண்டு போவார்களானால், அங்கே காணும் பசுமை வேறு விதமாகத் தோன்றும்.

நிற்க. நிலத்தின் அழகை மதிப்பிடுவதென்பது இப்போது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. 1992-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம், மனிதனும் நிலமும் சேர்ந்து உண்டாக்கிய காட்சிகளையும் உலகப் பொதுச் சொத்தாகக் கொள்ளலாமென்று விதி செய்தது. 2000-ம் வருஷத்தில் ஐரோப்பிய தேசங்கள் பிளாரென்ஸ் நகரில் கூடிச் செய்த உடன்படிக்கை, நிலக்காட்சி என்பது அங்கு வாழும் ஜனங்கள் அதை எவ்விதம் உணருகிறார்களோ அதையும் சேர்த்ததே என்று ஒப்புக்கொண்டது. ஒரு பிரதேசத்தின் மேடுபள்ளம், நீரோட்டம், மரம், பயிர், வீட்டமைப்பு, பாதை, தொழில், ஜனங்களின் நினைவு இவையனைத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, இப்பிரதேசத்தின் தன்மை இன்னது, இன்ன மாறுதலை இது தாங்கும், இன்ன மாறுதலால் கெடும் என்று தீர்மானிப்பதே இந்தச் சாஸ்திரத்தின் முறை.

சீனாவில் யுன்னான் பிரதேசத்துச் சிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகள் 2023-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவை நமது தோட்டங்களைப்போல் காட்டை மொட்டையடித்துப் போட்டவையல்ல. பெருமரங்களின் நிழலில், அவ்விடத்துப் பிலாங், தாய் முதலிய ஜாதியார் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, தங்கள் கிராமத்தோடும் வழிபாட்டோடும் பிணைத்துக் காத்தவை. ஜப்பானில் ஷிஸுவோகா பிரதேசத்தில் தேயிலைக்குத் தழைப்போர்வை இடுவதற்காகப் பக்கத்திலே புல்வெளிகளைப் பாதுகாத்து வரும் வழக்கத்தை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ல் கௌரவித்தது. அந்தப் புல்வெளிகளில் அரிய செடிகளும் பூச்சிகளும் பிழைத்திருக்கின்றன. இரண்டிடங்களிலும் மதிப்புப் பெற்றது வெறும் பச்சை நிறமன்று. உழைக்கும் ஜனங்களின் அறிவும் வழக்கமும், அவற்றால் பிழைத்திருக்கும் காடும் புல்லுமே மதிப்புப் பெற்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நமது மலைகளை இவ்வாறு பரிசீலித்தால் என்ன கிடைக்கும்? ஏராளமாகக் கிடைக்கும் என்பதே நமது நம்பிக்கை. வால்பாறை பீடபூமியை எடுத்துக்கொள்வோம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் தோட்ட நிலம். சுற்றிலும் புலிகள் காப்பகம். அந்தத் தோட்டங்களினிடையே வெட்டப்படாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள் சில இருக்கின்றன. சிங்கவால் குரங்கும் இருவாட்சிப் பறவையும் அவற்றை அண்டி வாழ்கின்றன. யானைகள் அவற்றின் வழியாகவே காடு விட்டுக் காடு செல்கின்றன. யானை எங்கே நிற்கிறதென்று தொழிலாளருக்கு முன்கூட்டியே செய்தி சொல்ல ஓர் ஏற்பாடும், அழிந்த காட்டுத் துண்டுகளில் நாட்டு மரங்களை மறுபடியும் நடும் முயற்சியும் அங்கே நடந்து வருகின்றன. இவை தேயிலை வரிசையைக் காட்டிலும் பன்மடங்கு அருமையானவை. ஆனால் பிரயாணிகளுக்காக அச்சிடும் படங்களில் இவற்றுக்கு இடமில்லை.

நீலகிரியின் தன்மை வேறு. அங்கே பெருந்தோட்டங்களோடு படகர் முதலிய சிறு விவசாயிகளின் துண்டு நிலங்களும் கலந்திருக்கின்றன. ஹட்டியின் ஓட்டு வீட்டு வரிசை, அதைச் சூழ்ந்த தேயிலை, இடையிடையே காய்கறிப் பாத்தி, தாழ்விடத்தில் சதுப்பு, மேலே மிஞ்சிய சோலை — இதுவே அம்மலையின் முகம். இந்தச் சிறு விவசாயிகள் பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு வருஷக்கணக்காய்க் கிளர்ச்சி செய்து வருகிறார்கள். விலை கிடைக்காமற்போனால் நிலம் விடுதிக்காரன் கைக்குப் போகும். விடுதி எழும்பினால் சதுப்பு தூர்ந்துபோகும். சதுப்பு தூர்ந்தால் கீழே ஓடும் ஓடை வற்றும். கொழுந்து விலைக்கும் மலைக்காட்சிக்கும் சம்பந்தமில்லையென்று நினைப்பவர்கள் இந்தச் சங்கிலியைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகை வரையிலும் எட்டிய பல்சக்கர ரயில் பாதை 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ரயிலைக் காத்தோம், ரயில் ஜன்னலிலிருந்து தெரியும் மலையைக் காக்க என்ன செய்தோம்?

தாங்கும் சக்தி என்ற விஷயமும் உண்டு. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வண்டிகளின் கூட்டத்தைக் கண்டு சென்னை ஹைகோர்ட் தலையிட்டு, 2024-ம் வருஷம் மே மாதம் 7-ம் தேதி முதல் அனுமதிச் சீட்டு முறையை ஏற்படுத்தியது. 2025-ம் வருஷக் கோடைக்கு, உதகைக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று எல்லையும் வகுத்தது. ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதைச் சட்டசபையும் சுற்றுலா இலாகாவும் முன்னரே யோசித்திருந்தால், நியாயஸ்தலம் வண்டிகளை எண்ண வேண்டிய நிலை வந்திராது. அழகைத் தேடி வருகிறவர்களின் கூட்டமே அழகைத் தின்றுவிடும் விந்தையை உதகையில் கண்ட பிறகும், அதே பரீக்ஷையை மற்ற மலைகளில் செய்து பார்ப்பது விவேகமாகாது.

இனித் தோட்ட முதலாளிகளின் தரப்பைக் கேட்போம். தேயிலை விலை உயரவில்லை, கூலியும் உரமும் உயர்ந்துவிட்டன, செடிகள் கிழடாய்ப் போயின, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, ஆகவே பிரயாணிகளால் வரும் வருமானம் இல்லாவிட்டால் தோட்டத்தை மூட வேண்டிவரும் என்கிறார்கள். இதில் உண்மையில்லையென்று நாம் சொல்லமாட்டோம். தோட்டம் மூடப்பட்டால் முதலில் பட்டினி கிடப்பவன் தொழிலாளி என்பதையும் அறிவோம். ஆனால் சட்டமறிந்தவர்கள் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் ஏழை எளிய விவசாயிக்கு நிலம் பங்கிடுவதற்காக உச்சவரம்பு விதித்தபோது, தமிழ்நாட்டின் 1961-ம் வருஷத்துச் சட்டமும் கேரளத்தின் 1963-ம் வருஷத்துச் சட்டமும் தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தன. எதற்காக? அவை தோட்டங்களாயிருந்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையும் தேசத்துக்கு ஏற்றுமதியும் அளிக்கின்றன என்பதற்காக. வங்காளத்தில் தோட்ட நிலம் சர்க்காரின் குத்தகை நிலம், தேயிலைக்கென்றே கொடுக்கப்பட்டது. தேயிலை என்ற காரணத்தால் பெற்ற பாத்தியதையைத் தேயிலையல்லாத காரியத்துக்கு உபயோகிப்பதானால், அந்தப் பாத்தியதை எந்த நியாயத்தில் நிற்கும்? ஒரு காரியத்துக்கென விடப்பட்ட நிலம் அக்காரியம் நீங்கினால் பொதுஜனங்களிடம் திரும்பவேண்டும் என்பதே நியாயம். திரும்பும்போது முதல் உரிமை அதில் ஐந்து தலைமுறை உழைத்தவனுக்கே உண்டு.

இந்த நியாயம் அநுஷ்டிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மாஞ்சோலையே சாக்ஷி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகையாக ஒரு பம்பாய்க் கம்பெனி 8,373 ஏக்கரைப் பெற்றது. அங்கு உழைத்தவர்களின் கூலிக்காகவும் உரிமைக்காகவும் 1999-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றபோது, தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. குத்தகை முடிய நான்கு வருஷமிருக்க, 2024-ல் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு, தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுப் பத்திரங்களை நீட்டிற்று. தோட்டத்தைச் சர்க்காரின் தேயிலைக் கார்ப்பொரேஷன் ஏற்று நடத்தவேண்டுமென்ற கோரிக்கையும் அவ்வருஷ டிசம்பரில் ஹைகோர்ட்டில் நிறைவேறவில்லை. மலை காடாகட்டும் என்று சட்டம் சொல்கிறது. காடு வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. அது மலையின் பூர்வ பாத்தியதை. ஆனால் அங்கேயே பிறந்து அங்கேயே முதியோரைப் புதைத்தவர்கள் சமவெளியில் ஒரு குடிசைக்கு அலைவது எந்தச் சாஸ்திரத்தின் மதிப்பீட்டிலாவது சேர்க்கப்பட்டதா?

இதினும் துயரமான வேறொரு கணக்கும் உண்டு. மூணாறுக்கு அருகேயுள்ள ராஜமலைக்கு வரையாடு பார்க்கத் திரளாய் ஜனங்கள் போகிறார்கள். அதற்கப்பால் சில மைல் தூரத்தில் பெட்டிமுடி என்ற இடத்தில், 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ம் தேதி இரவு, மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். 2024-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்ற இடங்களில் நேர்ந்த சரிவில் 200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2025-ம் வருஷம் நவம்பரில் டிட்வா புயல் இலங்கையின் மலைநாட்டைச் சூறையாடியது. இவற்றுக்கெல்லாம் தேயிலையே காரணமென்று நாம் கூற வரவில்லை. பெருமழையும் செங்குத்துச் சரிவும் மண்ணின் இயல்பும் காரணம். ஆனால் அத்தகைய சரிவில், ஓடை வாயில், ஒன்றோடொன்று ஒட்டிய ஒற்றையறைகளில் மனிதரைக் குடிவைத்தது இயற்கையன்று. பங்களா கட்டத் துரை தேர்ந்தெடுத்த இடத்தையும் லயம் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நிலத்தின் தன்மையை அக்காலத்திலேயே நன்றாய் அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். அறிந்த அறிவு யாருக்குப் பயன்பட்டது என்பதே கேள்வி. இன்று பங்களா விடுதியாகிறது. லயம் லயமாகவே இருக்கிறது.

தொழிலாளர் இவற்றையெல்லாம் உணராதவர்களல்லர். 2015-ம் வருஷம் செப்டம்பரில் மூணாறில், கொழுந்து பறிக்கும் பெண்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்ற பெயரால் தாங்களே சாலையில் அமர்ந்து 20 சதவீத போனஸ் பெற்றார்கள். பிரயாணிகளின் வண்டிகள் நின்றன. எவருடைய விரல்களால் அந்த மலை அழகாயிருக்கிறதோ, அவர்கள் கைகட்டி உட்கார்ந்தால் அழகு வியாபாரமும் நின்றுவிடும் என்பதை அந்த நாட்கள் யாவருக்கும் காட்டின.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். முதலாவது, தோட்ட நிலத்தில் ஓர் அங்குலத்தையேனும் விடுதிக்கு மாற்றுமுன், அந்தப் பிரதேசம் முழுவதன் தன்மையையும் பரிசீலிக்கக் கமிட்டி நியமிக்க வேண்டும். நிலநூல், வனநூல் நிபுணரோடு தொழிலாளர், சிறு விவசாயிகள், பழங்குடிகளின் பிரதிநிதிகளும் அதில் சரிபாதியாக இருக்கவேண்டும். இரண்டாவது, சோலை, புல்வெளி, சதுப்பு, ஓடைக்கரை, யானை வழி இவற்றில் கட்டடம் கூடாதென்று எல்லை குறித்து, அந்தப் படத்தைத் தாய்மொழியில் ஊர்தோறும் ஒட்ட வேண்டும். மூன்றாவது, அபாயச் சரிவிலுள்ள லயங்களை அகற்றி, பட்டாவுடன் தனி வீடு கொடுத்த பிறகே அத்தோட்டத்தில் விடுதிக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும். நான்காவது, பிரயாணிகளைத் தங்கவைக்கவும், மலையைச் சுற்றிக் காட்டவும், தேயிலை விற்கவும் முதல் உரிமை தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இருக்க வேண்டும். நீலகிரியில் சிறு விவசாயிகள் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை வைத்திருக்கும்போது, விடுதி நடத்தமட்டும் கூட்டுறவு உதவாதென்று யாரும் கூற முடியாது. ஐந்தாவது, பிரயாணிகளிடம் வசூலாகும் கட்டணத்தில் ஒரு நிச்சயமான பங்கு அந்த ஸ்தல ஸ்தாபனத்துக்கே போய்ச் சேரவேண்டும்.

இவை எட்டாத கனவுகளல்ல. 1964-ம் வருஷத்து ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் குடியேற்றவே, 1968-ல் தமிழ்நாட்டு சர்க்கார் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. லாபத்துக்காக மட்டுமன்றி ஜனங்களின் ஜீவனத்துக்காகவும் தேயிலை போடலாம் என்ற கொள்கை நமக்குப் புதிதன்று. நாம் அதை மறந்துவிட்டோம், அவ்வளவே.

தொழிலாளரிடையே வேலை செய்யும் தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்றுக்கு 15 பங்கா, 30 பங்கா என்ற தர்க்கத்தில் மட்டும் காலம் கழிக்க வேண்டாம். அந்த 15 பங்கு யாருடைய அனுமதியால், யாருடைய லாபத்துக்காக என்று கேளுங்கள். உங்கள் ஜில்லாவிலுள்ள குத்தகைச் சாசனங்களை வாங்கிப் படியுங்கள். அவை முடியும் வருஷங்களைக் குறித்து வையுங்கள். குத்தகை முடியும் நாளில் தொழிலாளி ஒரு மனுவோடு நிற்பதா, ஒரு பாத்தியதையோடு நிற்பதா என்பது இன்று நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. மலையின் அழகுக்கு மதிப்பிடும் அதிகாரம், அதை வாரந்தோறும் தன் கையால் புதுப்பிப்பவனுக்கும் புதுப்பிப்பவளுக்கும் இல்லாவிடில், வேறு எவருக்கும் இல்லையென்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.